யூட்டா பாலைவனத்தில் ஒரு கல் வளைவு: நடந்து பார்த்துவிட்டு வந்தேன், கேட்க வேண்டியதைக் கேளுங்கள்

உப்பளத்தான் | வாலிநோக்கம்

அக்டோபரில் நானும் வீட்டம்மாவும் மகள் வீட்டுக்குப் போயிருந்தோம். சால்ட் லேக் சிட்டி. பேரிலேயே உப்பு இருக்கிறது, நமக்குத் தோதான ஊர்தான் என்று சிரித்துக்கொண்டே விமானம் ஏறினோம். அங்கிருந்து தெற்கே நாலு மணி நேரம் காரில் போனால் மோவாப் என்று ஒரு சின்ன ஊர். அதை ஒட்டி ஆர்ச்சஸ் தேசியப் பூங்கா. செம்மணற்பாறையில் தானாக உண்டான வளைவுகள் அங்கே இரண்டாயிரத்துக்கு மேல். அதில் பேர் பெற்றது டெலிகேட் ஆர்ச். அந்த மாநிலத்துக் கார்களின் நம்பர் பலகையில்கூட அதன் படம் உண்டு.

வளைவின் காலடிக்குக் காரில் போக முடியாது. வண்டியை நிறுத்திவிட்டு ஒன்றரை மைல் நடக்க வேண்டும். நம் கணக்கில் 2.4 கிலோமீட்டர். திரும்பவும் அதே தூரம். மகள் ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் எடுத்து வைத்தாள். நான் அரை லிட்டர் பாட்டில் ஒன்றை மட்டும் இடுப்பில் செருகிக்கொண்டேன். பாத்தி வரப்பில் ஒரு நாளைக்கு இதைப் போல மூன்று மடங்கு நடக்கிறவனுக்கு இரண்டு லிட்டர் எதற்கு என்ற எண்ணம். அதற்கு என்ன கிடைத்தது என்று அப்புறம் சொல்கிறேன்.

பாதை தொடங்கும் இடத்தில் ஒரு பழைய மரக்குடில். உள்நாட்டுப் போரில் காலில் அடிபட்ட வுல்ஃப் என்பவர் 1898இல் ஒஹையோவிலிருந்து மகனோடு வந்து மாடு வளர்த்த இடம். 1906இல் மகள் குடும்பத்தோடு வந்து பார்த்துவிட்டு, இதில் எப்படியப்பா இருக்கிறீர்கள் என்று கேட்டு, மரத்தளம் போட்ட புதுக்குடில் கட்ட வைத்தாளாம். அதுதான் இப்போது நிற்பது. பலகையில் எழுதியிருந்ததை என் மகள் படித்துச் சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். அவள் வாங்கிக் கொடுத்த ஷூவை நான் காரிலேயே விட்டு வந்திருந்தேன்.

குடிலைத் தாண்டினால் ஒரு சின்னப் பாலம், அடியில் ஓடை. அதன் பேர் சால்ட் வாஷ். உப்போடை! அதைக் கடந்ததும் யூட் பழங்குடியினர் பாறையில் கொத்திய குதிரைவீரர்களும் காட்டு ஆடுகளும். அப்புறம் ஏற்றம். மண் பாதை முடிந்து வெறும் பாறைச் சரிவு, யானை முதுகு மாதிரி. தடம் கிடையாது, அங்கங்கே கல்லை அடுக்கி வைத்திருக்கிறார்கள், அதைப் பார்த்துப் போக வேண்டும். மரமில்லை, நிழலில்லை. கடைசி இருநூறு கெஜம் பாறை விளிம்பில் ஒரு மாடிப்படி அகலத்துக்கு வழி, ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் பள்ளம். அதுவரை வளைவு கண்ணில் படாது. மூலை திரும்பினால் எதிரே நிற்கிறது.

திறப்பு மட்டும் 46 அடி உயரம், 32 அடி அகலம். இடுப்புக்கு மேலே உடம்பில்லாமல் ஒருவன் காலை அகட்டி நிற்கிற மாதிரி. அந்தக் காலத்து மாடு மேய்ப்பவர்கள் தங்கள் தோல் கால்சட்டையின் பேரைத்தான் அதற்கு வைத்திருந்தார்களாம்.

பாம்பன் காத்து

அண்ணே, தண்ணீர் கதையைச் சொல்லாமல் விட்டுட்டீங்களே.

உப்பளத்தான் | வாலிநோக்கம்

சொல்கிறேன் தம்பி, வெட்கமாக இருந்தது. வெயில் அன்றைக்கு நம்ம தை மாத வெயில் அளவுதான். எனக்கு வேர்க்கவே இல்லை. நம்ம ஊரில் பத்து எட்டு வைத்தால் சட்டை உடம்போடு ஒட்டும். உடம்பு தண்ணீர் விடுகிறது என்று அதில்தான் தெரியும். அங்கே காற்று அவ்வளவு வறட்சி, வேர்வை வெளியே வரும்போதே காய்ந்துவிடுகிறது. வேர்க்கவில்லை, தாகமும் இல்லை, ஜம்மென்று ஏறினேன். பாறைச் சரிவின் பாதியில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. அடுக்கிவைத்த கல்லையும் விட்டுவிட்டு வேறு பக்கம் போயிருக்கிறேன். பின்னால் வந்த மகள்தான் சத்தம் போட்டு நிறுத்தினாள்.

உட்கார வைத்து தண்ணீர் கொடுத்தாள். பையிலிருந்து உப்புப் போட்ட முந்திரி எடுத்துக் கையில் திணித்தாள். முதுகைத் தட்டினவள் சிரித்துவிட்டாள். கருநீலச் சட்டையில் முதுகு முழுக்க வெள்ளை வெள்ளையாகக் கோடு. பாத்தியில் தண்ணீர் வற்றும்போது கரை ஓரமாக முதலில் ஒரு வெள்ளைக் கோடு விழுமே, அதே கோடு. முப்பத்தைந்து வருஷம் உப்பு வாரினவன் உப்புக் குறைந்து உட்கார்ந்திருக்கிறேன்.

சாயல்குடி பனை

அதற்குத்தான் எங்க அப்பா மரம் ஏறும்போது நீராகாரத்தில் கல் உப்பு போட்டுக் குடிப்பார். முந்திரி எல்லாம் இப்போ வந்தது.

மண்டபம் கேம்ப்

எல்லாம் சரி. ஒரு ஓட்டைப் பாறையைப் பார்க்க அவ்வளவு தூரமா? திருமலைக்குப் போனால் சிலாதோரணம் இருக்கிறது, நடக்கக்கூட வேண்டாம்.

பழைய வாத்தியார் | தேவிபட்டினம்

சிலாதோரணத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அதைத் தேசிய நினைவுச் சின்னமாக வைத்திருக்கிறது. ஆனால் அளவு வேறு, பாறை வேறு. அங்கே திறப்பு 8 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம். கல் குவார்ட்சைட், அதாவது மணற்பாறை வெந்து இறுகிக் கெட்டியானது. யூட்டாவில் உள்ளது வேகாத மணற்பாறை. மணல் மணியையும் மணியையும் சுண்ணாம்புச் சத்து ஒட்டி வைத்திருக்கிறது, அவ்வளவுதான். மழைநீரில் லேசான அமிலம் உண்டு. அது சுண்ணாம்பைக் கரைக்கும். மணல் மறுபடி மணலாக உதிரும். குளிர்காலத்தில் இடுக்கில் நின்ற தண்ணீர் உறைந்து விரிந்து இன்னும் கொஞ்சம் பிளக்கும்.

உப்பளத்தாருக்கு ஒரு செய்தி. ஊர்ப் பேரிலும் ஓடைப் பேரிலும் உப்பைப் பார்த்தீர்களே, வளைவின் வழியாகப் பின்னால் ஒரு மலைத்தொடர் தெரிந்திருக்குமே, அதன் பேர் என்ன?

உப்பளத்தான் | வாலிநோக்கம்

லா சால் என்றாள் மகள். உச்சியில் வெள்ளையாகப் பனி.

பழைய வாத்தியார் | தேவிபட்டினம்

ஸ்பானிய மொழியில் 'லா சால்' என்றால் உப்பு. பேர்கள் மேலோட்டமானவை, விஷயம் அடியில் இருக்கிறது. நீங்கள் நடந்த இடத்துக்குக் கீழே உப்புப் படுகை. சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்தது. கடல் உள்ளே வரும், அடைபடும், வற்றும். மறுபடி வரும், மறுபடி வற்றும். தெப்பத்தில் தண்ணீர் ஏற்றிப் பாத்தியில் காயவைக்கிறீர்களே, அந்த வேலைதான், வாருவதற்கு மட்டும் ஆளில்லை. ஆயிரக்கணக்கான அடி கனத்துக்கு உப்பு சேர்ந்தது. அதன் மேல் மண்ணும் மணலும் வந்து மூடிப் பாறையாயின. இப்போது வளைவாக நிற்கும் மணல் ஏறத்தாழ 16 கோடி ஆண்டுப் பழசு. என்ட்ராடா மணற்பாறை என்று பேர்.

மேலே பாரம் ஏற ஏற, அடி உப்பு நகர்ந்தது. பாரம் குறைந்த பக்கம் போய்ப் புடைத்தது. மேலே இருந்த பாறை வளைந்து, வரிசை வரிசையாக விரிசல் விட்டது. பிறகு தண்ணீர் அந்த விரிசலில் இறங்கி அகலப்படுத்த, நடுவில் மிஞ்சியது மதில் மதிலாக நின்றது. மதிலில் இளக்கமான இடம் உதிர்ந்து ஓட்டை விழுந்தால் வளைவு. உப்பு நகராவிட்டால் விரிசல் இல்லை, விரிசல் இல்லாவிட்டால் மதில் இல்லை.

மண்டபம் கேம்ப்

வாத்தியாரே, உப்பு நகருமா? கல் உப்பைச் சுத்தியால் அடித்தால் தூளாகும். நகர்ந்து நான் பார்த்ததில்லை.

உப்பளத்தான் | வாலிநோக்கம்

எனக்கும் அந்தச் சந்தேகம்தான். அம்பாரம் போட்டு ஓலை வேய்ந்து மூடி ஒரு மழைக்காலம் விட்டால், அடி உப்பு கல்லாக இறுகிப் போகும். கடப்பாரை போட்டுத்தான் பெயர்ப்போம். இறுகிப் பார்த்திருக்கிறேன், நகர்ந்து பார்த்ததில்லை.

பழைய வாத்தியார் | தேவிபட்டினம்

அம்பாரம் ஆள் உயரம் இருக்குமா? அதற்கு மேலே ஒரு மைல் கனத்துக்குப் பாறையை வையுங்கள். கோடி வருஷம் காத்திருங்கள். சுத்தியால் அடிப்பது ஒரு நொடி வேலை. நொடியில் உப்பு உடையும், யுகக்கணக்கில் அது இழையும். முதல் தடவை பாத்தி மிதிக்கும்போது களி உங்கள் கால்விரல் இடுக்கில் பிதுங்கி வருமல்லவா? காலை வைத்த இடத்தில் பள்ளம், பக்கத்தில் மேடு. அதேதான்.

உப்பளத்தான் | வாலிநோக்கம்

இப்போது புரிகிறது. களி மிதித்த காலுக்கு இதைவிட விளக்கம் வேண்டாம்.

கீழக்கரை லாத்தா | இப்போ துபாய்

இங்கே பாலைவனம் என்றால் மணல்மேடுதான். நீங்கள் சொல்வது பாறைப் பாலைவனம். ஒரு கேள்வி. பாதையை விட்டு மண்ணில் கால் வைக்கக் கூடாது என்று அங்கே ரொம்பக் கண்டிப்பாமே, பாம்புக்காகவா?

உப்பளத்தான் | வாலிநோக்கம்

பாம்புக்கு இல்லை தங்கச்சி. மண்ணுக்குத்தான். பாறை இல்லாத இடமெல்லாம் மண்மேல் கறுப்பாக, சொரசொரவென்று ஒரு தோல் இருக்கிறது. குனிந்து பார்த்தேன், அடுப்பில் தீய்ந்த பால் ஆடை மாதிரி, சின்னச் சின்ன மேடு. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களும் பாசியும் சேர்ந்து மணலைக் கட்டி வைத்திருக்கின்றன. ஒரு மிதி மிதித்தால் பழையபடி வளர வருஷக்கணக்காகும். தெப்பத்து ஓரத்தில் பாசி காய்ந்து தோலாக உரியுமே, அதற்குச் சொந்தக்காரன். நாம் அதைத் திட்டிக்கொண்டே கழித்துப் போடுகிறோம்; அங்கே அதற்குப் பலகை வைத்துக் காவல்.

பாம்பன் காத்து

நான் கேட்க நினைத்தது வேறு. அந்த வளைவுக்கு ரோடு போடாமல் விட்டிருக்கிறார்கள் பாருங்கள், அதுதான் எனக்குப் பிடித்தது. 2017இல் அரிச்சல்முனை வரைக்கும் ரோடு போட்டதிலிருந்து தனுஷ்கோடி தனுஷ்கோடியாக இல்லை. அதற்கு முன்னால் முகுந்தராயர் சத்திரத்தோடு ரோடு முடியும். அங்கிருந்து நடக்கணும், இல்லையென்றால் மணலிலும் தண்ணீரிலும் முக்கி முனகிப் போகிற வேனில் தொற்றணும். எங்க மாமாவோடு பத்து வயதில் நடந்தேன். இரண்டு பக்கமும் கடல், காலடியில் மணல் சுடுகிறது, தூரத்தில் தேவாலயச் சுவர் மட்டும் தெரிகிறது, எவ்வளவு நடந்தாலும் கிட்டே வரமாட்டேன் என்கிறது. வந்து சேர்ந்தபோது மாமா ஒரு வார்த்தை பேசவில்லை. 1964 புயலில் அவர் வீட்டில் இரண்டு பேர் போய்விட்டார்கள். இப்போது ஏசி காரிலிருந்து இறங்கி, செல்ஃபி எடுத்து, மாங்காய் தின்று, பதினைந்து நிமிஷத்தில் திரும்புகிறார்கள்.

மண்டபம் கேம்ப்

தம்பி, உனக்குக் கால் இருக்கிறது, நடந்தாய். எங்கம்மாவுக்கு எழுபத்தாறு வயது. தாலி கட்டி வந்த காலத்திலிருந்து 'அந்த முனை'யைப் பார்க்கணும் என்று சொல்லிக்கொண்டிருந்தது. ரோடு வந்த பிறகுதான் சக்கர நாற்காலியில் கொண்டுபோய் நிறுத்தினேன். அரைமணி நேரம் அசையாமல் பார்த்தது. நடந்து வந்தவனுக்குத்தான் கடல் தெரியும் என்று சட்டமா?

அங்கே மீன் பிடித்துப் பிழைக்கிற குடும்பங்களையும் கேட்டுப் பார். நடுராத்திரி பிரசவ வலி வந்தால் உன் ரசனையா வந்து தூக்கும்?

பாம்பன் காத்து

குடியிருக்கிற சனங்களுக்கு ரோடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லையே அண்ணே. சுற்றுலா வண்டியைச் சொன்னேன்.

சாயல்குடி பனை

ரோடு ஒன்றுதானே. ஆம்புலன்ஸுக்கு ஒன்று, செல்ஃபிக்கு ஒன்று என்று தனித்தனியாகவா போட முடியும்?

உப்பளத்தான் | வாலிநோக்கம்

சண்டைக்கு நடுவில் ஒரு விஷயம். வளைவின் காலடிக்குத்தான் நடக்கணும். ஆனால் அதே ரோட்டில் இன்னும் ஒரு மைல் போனால் கீழே ஒரு பார்வை இடம் வைத்திருக்கிறார்கள். வண்டியை விட்டு நூறு கெஜம், சமதளம், சக்கர நாற்காலி போகும். என் வீட்டம்மாவுக்கு முழங்கால் வலி. மாப்பிள்ளை அவளை அங்கே கூட்டிப் போனார். அங்கிருந்து வளைவு ஒரு மைல் தூரத்தில், மலைவிளிம்பில் ஒரு காதுவளையம் மாதிரி தெரியும்.

இரண்டு வழியும் வைத்தது எனக்குச் சரியாகப் பட்டது. கிட்டே போகிறவன் பாடுபட்டுப் போகட்டும். முடியாதவர் தூரத்திலிருந்தாவது பார்க்கட்டும். தனுஷ்கோடியில் அந்தப் பழைய தேவாலயத்தோடு வண்டியை நிறுத்தி, அதற்கப்பால் முடிந்தவர்களை நடக்கவிட்டு, முடியாதவர்களுக்கு மட்டும் வண்டி என்று வைத்திருக்கலாம். இது என் எண்ணம், மண்டபத்தார் ஒத்துக்கொள்ள மாட்டார்.

மண்டபம் கேம்ப்

ஒத்துக்கொள்ள மாட்டேன். யாருக்கு முடியும், யாருக்கு முடியாது என்று வாசலில் நின்று பார்க்கிறவன் யார்? அவனுக்கு ஐம்பது ரூபாய் கொடுத்தால் எல்லோருக்கும் முழங்கால் வலி வந்துவிடும்.

கீழக்கரை லாத்தா | இப்போ துபாய்

😂 இது நிஜம்.

பழைய வாத்தியார் | தேவிபட்டினம்

தேவாலயம் என்றதும் நினைவு வருகிறது. அதன் சுவர் பவளக்கல். கடலில் வளர்ந்த கல். உப்புக்காற்றில் தின்னத் தின்னப் பொடிகிறது. காப்பாற்றணுமா, விடணுமா? டெலிகேட் ஆர்ச்சுக்கும் இந்தக் கேள்வி வந்தது. 1950களில், ஒரு கால் மெலிந்திருக்கிறதே, ஒரு பிளாஸ்டிக் பூச்சு பூசி அரிப்பைத் தடுக்கலாமா என்று பூங்காக்காரர்களே யோசித்தார்கள். பிறகு கைவிட்டார்கள். இயற்கை கட்டியதை இயற்கையே எடுத்துக்கொள்ளட்டும் என்பதுதான் இன்றைக்கு அங்கே வழக்கம். 2008 ஆகஸ்டில் வால் ஆர்ச் என்ற பெரிய வளைவு ஒரே ராத்திரியில் விழுந்தது. முந்தின நாள் அதன் கீழே ஆட்கள் நடந்திருக்கிறார்கள். 1991இல் லேண்ட்ஸ்கேப் ஆர்ச்சிலிருந்து 60 அடி நீளத்துக்கு ஒரு பாளம் பெயர்ந்து விழுந்தது. அடியில் நிழலுக்கு ஒதுங்கியிருந்தவர்கள் மேலே சடசடவென்று சத்தம் கேட்டு எழுந்து ஓடித் தப்பினார்கள். அதற்குப் பிறகு அதன் கீழே போகும் பாதையை மூடிவிட்டார்கள்.

தேவாலயம் வேறு. அது மனிதன் கட்டியது, அதில் செத்தவர்களின் ஞாபகம் இருக்கிறது. உதிரட்டும் என்று விட எனக்கு மனம் வரவில்லை. கல்லைப் பெயர்த்துப் பையில் போடுகிற கைகளையாவது தடுக்கலாம்.

சாயல்குடி பனை

வாத்தியாரே, நம்ம கடற்கரையில் ஏன் அப்படி ஒரு வளைவும் இல்லை? மணல் இருக்கிறது, உப்பு இருக்கிறது, சுண்ணாம்பு இருக்கிறது, வெயிலுக்குக் குறைச்சலே இல்லை.

பழைய வாத்தியார் | தேவிபட்டினம்

நல்ல கேள்வி. நம்மிடம் உள்ள சரக்கு இளசு. ராமேஸ்வரம், பாம்பன் ஓரத்தில் சுண்ணாம்பு கட்டிய மணற்பாறை இருக்கிறது. ஆனால் ஆள் உயரத்துக்குக்கூடப் பெரும்பாலும் எழும்பவில்லை. தீவிலேயே உயரமான இடம் ராமர் பாதம் இருக்கிற கந்தமாதன பர்வதம், அதுவே மணல்மேடுதான். மதில் நிற்க உயரம் வேண்டும், அதற்கு நிலம் எழும்ப வேண்டும். மோவாப் பக்கம் கடல்மட்டத்துக்கு மேல் நாலாயிரம் அடிக்குக் குறையாது. அப்புறம் உறைபனி, நமக்கு அது கிடையாது. மழை இன்னொன்று. அங்கே ஆண்டுக்கு 25 சென்டிமீட்டரே பெரிது. நம்ம மாவட்டத்தை வறண்ட பூமி என்கிறோம், நமக்கு அதைப் போல மூன்று மடங்கு பெய்கிறது. கொட்டித் தீர்த்தால் மதில் நிற்காது. சொட்டுச் சொட்டாகப் பெய்தால்தான் செதுக்கும்.

கீழக்கரை லாத்தா | இப்போ துபாய்

நாங்கள் டிசம்பர் விடுமுறையில் போகலாம் என்று இருக்கிறோம், பிள்ளைகளோடு. சரியாக வருமா?

உப்பளத்தான் | வாலிநோக்கம்

கூட்டம் குறைவாக இருக்கும் என்றாள் மகள். ஆனால் அந்தப் பாறைச் சரிவிலும் கடைசி விளிம்பிலும் பனி உறைந்து வழுக்குமாம். ஷூவுக்கு அடியில் மாட்டுகிற முள்ளு வளையம் விற்கிறார்கள், அது இல்லாமல் ஏற வேண்டாம். அந்த விளிம்பில் பிள்ளைகளைச் சுவர்ப் பக்கம் நடக்கவிட்டு நீங்கள் பள்ளத்துப் பக்கம் நடங்கள். கோடையில் மட்டும் போகவே போகாதீர்கள். 38 டிகிரியைத் தாண்டும், பாறை அடுப்பாகிவிடும். 2022 முதல் சில வருஷம் கூட்ட நாட்களில் உள்ளே நுழையவே நேரம் குறித்து முன்பதிவு வைத்திருந்தார்கள். கிளம்பும் முன் பூங்காவின் இணையதளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். தண்ணீர் வாங்க மேலே கடை கிடையாது. ஆளுக்கு இரண்டு லிட்டர். நான் சொல்கிறேன், கேளுங்கள்.

பாம்பன் காத்து

கடைசியாக ஒன்று அண்ணே. அண்ணிக்குக் கீழேயிருந்து நீங்கள் தெரிந்தீர்களா?

உப்பளத்தான் | வாலிநோக்கம்

அதை வீட்டில் கேட்காதே, இன்னும் முடியாத வழக்கு. தலைக்குக் கட்ட நம்ம சிவப்புத் துண்டு ஒன்று கொண்டுபோயிருந்தேன். மகளுக்கு ஒரே வெட்கம், எடுங்கப்பா என்றாள். வளைவுக்கு அடியில் படம் எடுக்க வரிசை நின்றது. என் முறை வந்ததும் நான் கேமராப் பக்கம் பார்க்கவில்லை. துண்டை அவிழ்த்து, எதிரே பள்ளத்துக்கு அந்தப்பக்கம் அவள் நிற்கிற திசையைப் பார்த்து மூன்று தடவை வீசினேன். பின்னால் வரிசையில் நின்ற வெள்ளைக்காரர்கள் கை தட்டினார்கள், எதற்கென்று அவர்களுக்கும் தெரியாது.

கார் நிறுத்துமிடத்துக்கு இறங்கி வந்ததும் கேட்டேன். தெரிந்தது, மூன்று தடவை வீசினீர்கள் என்றாள். மாப்பிள்ளை என்னைப் பார்த்து மெதுவாகத் தலையை ஆட்டினார், ஆமாம் என்றா இல்லை என்றா புரியவில்லை. ஒரு மைல் தூரம், அவளுக்குக் கண்புரை வேறு. வாய்ப்பே இல்லை என்கிறாள் மகள்.

ஆனால் மூன்று தடவை என்று சரியாகச் சொன்னாளே.